கிணற்றில் பச்சை

தெய்வானையின் மகள் காய்ச்சலில் விழுந்து ஒன்பது நாளாகிறது. லாங் மவுண்டன் கிராமத்துக்குப் புதிதாக வந்த குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று தெய்வானை அடித்துச் சொன்னாள். கோயில் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறெதையும் மகளுக்குக் கொடுக்கவில்லை.

நேற்று எஞ்சினியர் துரை பச்சைச் சாயம் கரைத்து எடுத்துப் போனதைப் பார்த்து, "குழாயத்தான் சோதிக்கப் போறாரு, நல்லா மாட்டட்டும்" என்றாள்.

இன்று காலை அவள் கிணற்றில் இறக்கிய வாளி, கிளிப்பச்சைத் தண்ணீரோடு மேலே வந்தது.

அவள் போட்ட கூச்சலில் துரையின் ஆள் நாகலிங்கம் ஓடி வந்தான்.

"அடப்பாவி! சாமி கிணத்துலயா சாயத்தைக் கொட்டுனீங்க?"

வாளியைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது. "கிணத்துல கொட்டலக்கா."

"பின்ன எங்க?"

"மேட்டுல இருக்கற கக்கூஸ் குழியில."

தெய்வானையின் கையிலிருந்து கயிறு நழுவியது.

"நேத்துகூட, அவ வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல, ஒரு செம்பு குடிக்க வச்சேனே..."