ஒரு கை மண்

கல் பறந்துவந்து சினையாட்டின் முன்னங்காலில் விழுந்தது. ஆடு அலறிக்கொண்டு முட்டி மடங்கிச் சாய்ந்தது.

எறிந்தவர் யாரோ எவரோ இல்லை, ஆடுகளை ஓட்டிவந்தவளின் புருஷனுக்குக் கூடப்பிறந்த அண்ணன். வயலின் மறுகோடியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஓடிவரும்போதே குனிந்து இன்னொரு கல்லையும் பொறுக்கிக்கொண்டார்.

"ஓட்டு! ஓட்டு! ஒரு ஆடு உள்ள காலை வெச்சுது, அப்புறம் நான் மனுஷனா இருக்கமாட்டேன்!"

"இப்ப மட்டும் மனுஷனாவா இருக்கீங்க மாமா?"

கேட்கமாட்டாளா பின்னே? மழையைப் பார்த்து எட்டு மாசமாகிறது. புருஷன் கூலிவேலை தேடி வெளியூர் போய்விட்டான். தையல் மிஷினைத் தவிர வேறெதையும் ஓட்டி அறியாதவள், பதினொரு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு மூன்று நாளாக வறண்ட ஏரிக்குள் அலைந்துவிட்டு இப்போதுதான் திரும்புகிறாள். கிடைத்ததெல்லாம் முள்ளும் சருகும், கொஞ்சம் கருவேலங்காயும். இந்தப் பதினொன்றும் போனால் அவள் வீட்டு அடுப்பும் போச்சு.

திரும்பும் வழியில் பார்த்தால், ஊரே காய்ந்து கிடக்க, இந்தப் பெரிய மாமாவின் வயலில் மட்டும் பச்சை! அறுத்துவிட்ட சோளக்கட்டை, போன வாரம் விழுந்த ஒரே ஒரு தூறலில் குருத்துக் குருத்தாகத் துளிர்த்து நின்றது. பசித்த ஆடு பச்சையைக் கண்டால் நிற்குமா? அவளும்தான் எப்படித் தடுப்பாள்?

பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆறு வருஷம் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு இது.

"இங்க பாரு, நான் சொல்றதை முதல்ல..." அவருக்கு மூச்சு இரைத்தது. கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லவேணாம். அதான் கல்லால சொல்லிட்டீங்களே! சினையாடு மாமா அது, வாயில்லா ஜீவன்! ஒரு வாய் தின்னா உங்க சொத்து கரைஞ்சுடுமா?"

அப்போதுதான் வரப்போரம் நீளமாகக் குவிந்திருந்த புது மண்ணைப் பார்த்தாள். பக்கத்திலேயே மண்வெட்டியும் கிடந்தது. அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பசுந்தீவனத்தை வெட்டிக் குழியில் போட்டு மூடிவைத்தால் பஞ்சகாலத்துக்கு ஆகும் என்று புருஷன் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"ஓஹோ! பத்தாததுக்குப் புதைச்சு வேற வெச்சாச்சா? தம்பி வீட்டு ஆடு பட்டினியில சாகட்டும், உங்க ஆடு மட்டும் கொழுகொழுன்னு இருக்கட்டும். அப்படித்தானே?"

அவர் வாயைத் திறந்தார். இவள் விட்டால்தானே! குனிந்து அந்தக் குவியலிலிருந்து ஒரு கை மண்ணை வாரி அவர் முகத்துக்கு நேராகத் தூற்றினாள்.

"வயிறெரிஞ்சு சொல்றேன். உங்க பட்டி வெறிச்சோடிப் போகணும்! ஒரு குட்டிகூட மிஞ்சக்கூடாது!"

கல் அவர் கையிலிருந்து நழுவியது. அந்த மண்ணின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

நல்லா உறைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சினையாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்ற பத்தையும் அதட்டி ஓட்டிக்கொண்டு, அவள் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. ஒரே அறை, தகரக்கூரை, உள்ளே அனலாக அடித்தது. டாக்டர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு மூங்கில் சிம்பு வைத்துக் கட்ட ஆரம்பித்தார்.

"லேசான விரிசல்தான். வயித்துக் குட்டிக்கு ஒண்ணுமில்ல. எங்கம்மா அடிபட்டுச்சு?"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. கல் எறிந்தது, சோளம் துளிர்த்திருந்தது, தீவனக் குழி, தூற்றிய மண், விட்ட சாபம் என்று ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

கட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"அந்தச் சோளத்துல எந்த ஆடாவது வாய் வெச்சுதா?"

"எங்க சார் வெக்க விட்டாரு அந்தப் புண்ணியவான்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு குருத்து? ஒரு இலை?"

"இல்லேங்கறேனே!"

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டார். "பிழைச்சே போ. காய்ஞ்ச சோளக்கட்டை திடீர்னு துளிர்த்தா, அந்தக் குருத்து முழுக்க விஷம்மா. பசியில இருக்கற ஆட்டுக்கு நாலு வாய் போதும். நான் ஊசியைக் கையில எடுக்கறதுக்குள்ள விழுந்துடும்."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். வாசலில் பத்து ஆடும் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பத்தும் நின்றன. ஆனாலும் ஆறு வருஷக் கோபம் அவ்வளவு லேசில் இறங்குமா?

"விஷம்னா, அதை எதுக்கு சார் வெட்டிக் குழியில போட்டு மூடி வெச்சிருக்காரு?"

டாக்டர் அவள் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"அந்த மண்ணுக்குக் கீழ இருக்கறது தீவனம் இல்லம்மா. முந்தாநாள் செத்த அவரோட இருபத்தாறு ஆடு."