எந்த சீட்டுல இருந்து பாத்தே?

போன்ல அந்தக் கேள்வி வந்ததும், தான் எழுதினதை அவ அழிச்சுட்டா. அழிச்சு என்ன பிரயோஜனம், ரசிகர் குழுவுல பாதிப் பேர் அதுக்குள்ள படிச்சு முடிச்சாச்சு.

உடை தொங்குற கம்பிக்குப் பின்னாடி, அங்கிகளுக்கு நடுவுல, அவ தரையோட தரையா ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. வேர்வையில போன் வழுக்குது. திரைக்கு அந்தப் பக்கம் இடைவேளைச் சத்தம். இந்தப் பக்கம் அம்மாவோட இஸ்திரிப் பெட்டி புஸ்ஸுனு மூச்சு விடுது.

ஊர் ஊரா போற இசை நாடகம் அது. அதுல ராணியா நடிக்கிறவங்களுக்கு உடை மாத்தி விடுறதுதான் அம்மாவுக்கு வேலை. பரீட்சை முடிஞ்ச கையோட மகளும் பெட்டி சட்டியோட லாரி ஏறிட்டா. அம்மா போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணு: திரைக்குப் பின்னாடி பாத்தது வெளிய போகக் கூடாது.

ரசிகர் குழுவுல அவ பேரு 'வாயாடி'. டிக்கெட் வாங்கிப் பாக்குற ஆளுன்னுதான் அங்க எல்லாரும் நெனப்பு.

இந்த வாரம் நாடக விருது. சிறந்த நடிகை யாருன்னு குழுவுல அடிதடி. ராணியா, இல்ல ராணிக்கு ஓய்வு குடுக்க புதன்கிழமை மட்டும் அதே வேஷம் கட்டுற புதுப் பொண்ணா? அந்தப் பொண்ணுக்குக் குழு வெச்ச பேரே 'புதன்'.

புதனுக்குக் கொடி பிடிக்கிறது 'கடைசி வரிசை'ன்னு ஒரு அம்மா. லீவு முழுக்க வாயாடிக்கும் அவங்களுக்கும் ஏழாம் பொருத்தம். "பெரியம்மா, அங்க இருந்து பாத்தா ராணியும் எறும்பு, புதனும் எறும்பு"ன்னு ஒரு நாள் வாரிவிட்டா. "எறும்புலயும் புதன்தாண்டி நல்ல எறும்பு"ன்னு பதில் வந்துச்சு.

அந்தக் கடுப்புதான். இன்னைக்கு இடைவேளை விட்டதும் மடமடன்னு எழுதிட்டா.

"முதல் பாதியோட கடைசிப் பாட்டைப் பாருங்க. ராணியோட இடது கை எப்படி நடுங்குது! அதை சிம்மாசனத்துப் பின்கட்டையில அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, முகத்துல ஒரு சுருக்கம் விழாம, அந்தக் குரலைக் கூரையில கொண்டு போய் நிறுத்துறாங்க. விருதை வீட்டுக்கே எடுத்துட்டுப் போய்க் குடுக்கணும்."

புகழ்ந்துதான் எழுதினா. ஒவ்வொரு சொல்லும் மனசார.

முதல்ல கேட்டது குழுவுல 'பால்கனி'ங்கிற பேர்ல இருக்கிற அண்ணன். "நாலு ஊர்ல பாத்தாச்சு. அந்தப் பாட்டுல இடது பக்கம் பூரா அங்கி மூடிக் கிடக்கும். கை எங்க தெரிஞ்சுது? எந்த சீட்டுல இருந்து பாத்தே?"

அப்பத்தான் உறைச்சுது. அந்தக் கை தெரியற இடம் இந்த அரங்கத்துலயே ஒண்ணுதான். இந்தக் கம்பிக்குப் பின்னாடி.

அடுத்தடுத்து வந்து விழுது. கை நடுங்குதா? உடம்புக்கு என்ன? பால்கனி அண்ணன் இன்னைக்கும் வந்திருக்காராம், தொலைநோக்கியோட. ரெண்டாம் பாதியில உத்துப் பாத்துச் சொல்றாராம்.

இது மேனேஜர் காதுக்குப் போனா ராணியை அடுத்த ஊருக்குக் கூட்டிட்டுப் போவாரா? இத்தனை நாள் அங்கிக்குள்ள பொத்தி வெச்சதை, ரசிகைன்னு சொல்லிக்கிட்டு இவ தூக்கி நடுத்தெருவுல போட்டாச்சு.

அந்த நேரம் பாத்து 'கடைசி வரிசை' எழுத ஆரம்பிச்சாங்க. போச்சு. இனி விடுவாங்களா?

"அங்கியோட ஜரிகையில வெளிச்சம் பட்டு ஆடுது, அவ்வளவுதான். வாயாடி ஆசையில ஏதோ பாத்துட்டா. பால்கனி, தொலைநோக்கியைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு ராணி இளைச்சுட்டாங்கன்னு சொன்னவர்தானே நீங்க?"

குழு விழுந்து விழுந்து சிரிச்சுது. பேச்சு மறுபடியும் விருதுக்குப் போயிடுச்சு.

அவளுக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. இந்தம்மாவையா இத்தனை நாள் திட்டினோம்?

மணி அடிச்சுது. ராணி ஒப்பனை அறையில இருந்து வந்தாங்க. வலது கை கட்டைவிரலால எதையோ தட்டி முடிச்சுட்டு, எப்பவும் போல போனை அம்மாகிட்ட நீட்டினாங்க. அம்மா அதை ஏப்ரன் பையில போட்டுக்கிட்டு, அங்கியை மாட்டி, ஊசி குத்தி, தோளை ஒரு தட்டு தட்டி அனுப்பினாங்க.

அவ போனைக் குனிஞ்சு பாத்தா, மணி அடிச்சப்பவே வந்த சேதி ஒண்ணு கிடந்துச்சு. 'கடைசி வரிசை'. குழுவுல இல்ல, அவளுக்கு மட்டும்.

"நீ தினமும் பக்கத்துல நின்னு பாக்குறவ. போன ஊரைவிட இப்போ நடுக்கம் ஜாஸ்தியாயிருக்கா? புகழாம சொல்லு."

'நீங்க யாரு?'ன்னு தட்டி அனுப்பினா.

ராணியோட போன் கிடந்த அம்மாவோட ஏப்ரன் பை அதிர்ந்துச்சு.

"ஏய், அங்க என்னடி பதுங்கல்? அந்த நீல அங்கியை எடு"ன்னாங்க அம்மா, பையைத் தொட்டுக்கூடப் பாக்காம.

விருதைப் புதனுக்குக் குடுங்கன்னு மல்லுக்கு நின்னது யாருன்னு புரிஞ்சுது. ஏன்னும் புரிஞ்சுது: கை ஒத்துழைக்காமப் போறது ராணிக்குத்தானே முதல்ல தெரியும்.

திரை இன்னும் ஏறல. ராணி சிம்மாசனத்துல உக்காந்தாங்க. இடது கை பின்னாடி போய்க் கட்டையைத் தேடுச்சு. போன ஊர்ல அது தேடினதே இல்ல, போனதும் பிடிச்சுக்கும். இப்போ ஒரு தடவை தவறுச்சு. இன்னொரு தடவையும். அப்புறம்தான் அகப்பட்டுச்சு.

உடனே முதுகு நிமிந்துச்சு. தாடை உயந்துச்சு. இனிமே அந்தக் கண்ணு கடைசி வரிசையை விட்டு இறங்காது. யாரால முடியும் அப்படி?

ஆனா திரை அசையறதுக்கு முன்னாடி, ராணி மெதுவாத் தலையைத் திருப்பி, தொங்குற அங்கிகளுக்கு நடுவுல அவளையே பாத்தாங்க.

அவ போன்ல 'இல்ல'ன்னு அடிச்சா. அழிச்சா. 'ஆமா'ன்னு அடிச்சா. அதையும் அழிச்சா.

லீவு முழுக்க ராணியைப் பத்தி ஊருக்கெல்லாம் வாய் ஓயாமப் பேசினவ, ராணி கேட்டா என்னன்னு சொல்றது?