முன்வாசல் பூட்டு

“ஏம்மா, நம்ம வீட்டுக்குள்ள நாம ஏன் களவாணி மாதிரி பின்வாசல் வழியா வாரோம்?”

ஆறு வயதில் பிளாரன்ஸ் இப்படிக் கேட்டபோது, அம்மா ஜீவமணி சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். இன்று கைப்பையில் கனத்த திண்டுக்கல் பூட்டோடு அதே வீட்டின் முன்வாசலில் வந்து நின்றாள் பிளாரன்ஸ். கேட்ட கேள்வி இன்னும் நெஞ்சுக்குள் அப்படியே இருந்தது.

ஏல உத்தரவை நிறைவேற்ற வந்த கோர்ட்டு அமீனா கதவைத் தட்டினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டே தேவபிரசாதம் எட்டிப் பார்த்தார்.

“ஏலத்துல எடுத்தவங்க வந்திருக்காங்க, பெரியவரே. வீட்டை ஒப்படைச்சிருங்க” என்றார் அமீனா.

தேவபிரசாதம் கண்ணைச் சுருக்கினார். “யாரு இது? ஜேசுபாதம் மகளா?”

“ஆமா மாமா. உங்ககிட்ட இந்த வீட்டை அடமானம் வச்சுத் தோத்தாரே, அதே ஜேசுபாதம் மகதான்.”

அன்றும் இப்படித்தான் ஐப்பசி மேகம் கடல் பக்கம் கறுத்துக் கிடந்தது. கெடு தவறியதென்று கோர்ட்டுத் தீர்ப்போடு வந்த தேவபிரசாதம், அப்பாவைத் தெருவில் நிறுத்தினார். “ஜன்னலைச் சாத்திட்டு வா” என்று தன் மனைவி கிருபையை உள்ளே அனுப்பினார். அவள் வெளியே வந்ததும் பூட்டை மாட்டிவிட்டு, “இனிமே இந்த முன்வாசல்ல உங்க கால் படப்பிடாது” என்றார்.

ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் ஒதுங்கிய அம்மா பின்கதவில் சாய்ந்தாள், அது திறந்துகொண்டது. “ஆண்டவர் தொறந்து வச்சிருக்காரு” என்று அழுதாள்.

நல்ல வாடகைக்கு ஆள் வரட்டும் என்று தேவபிரசாதம் வீட்டைச் சும்மா பூட்டிப் போட்டிருந்தார். சாயர்புரத்தில் ஒரு வீடு அமையும்வரை மூன்று பேரும் இருட்டிய பிறகு நுழைந்து, விளக்கேற்றாமல் அடுப்படியில் படுத்து, விடியுமுன் வெளியேறினார்கள்.

அப்பா அதன்பிறகு தலை நிமிர்ந்து நடக்கவில்லை. சாகும்போதும் “என் முன்வாசல்” என்றுதான் முனகினார். அன்றிலிருந்து கோயிலில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, கடனாளிகளை மன்னிக்கும் வரி வந்தால் பிளாரன்ஸ் மட்டும் வாயை மூடிக்கொள்வாள்.

புதுத் துறைமுகம் வந்ததும் தூத்துக்குடியில் மனை விலை தாறுமாறாக ஏறியது. தேவபிரசாதத்துக்கு ஆசை பிடித்தது. தான் இருந்த வீட்டை விற்று, இந்த வீட்டுக்குக் குடிவந்து, இதையும் அடமானம் வைத்து, துறைமுக ரோடு வரப்போகிறதென்று சொன்ன இடத்தில் மனை மனையாக வாங்கிப் போட்டார். ரோடு வேறு பக்கம் போய்விட்டது. மனைகளில் உப்புத் தண்ணீர்தான் நின்றது.

துறைமுக ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த பிளாரன்ஸ், ஏலம் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். தாலியைத் தவிர மற்ற நகையெல்லாம் விற்று, ஆபீஸில் வீட்டுக் கடனும் போட்டாள்.

“மகன் பம்பாயிலேர்ந்து வாரேன்னு எழுதியிருக்கான் தாயி. அவன் வாரவரைக்கும் பொறுக்கக் கூடாதா?” தேவபிரசாதத்தின் குரல் உடைந்தது.

“கோர்ட்டுத் தீர்ப்பு மாமா. நான் என்ன செய்ய?”

தெருவே கூடிவிட்டது. கிருபை மட்டும் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. வேதப்புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பாயைச் சுருட்டக் குனிந்தாள்.

“அதெல்லாம் அங்கனயே கெடக்கட்டும்” என்றாள் பிளாரன்ஸ். “பாய், ஸ்டவ், பாத்திரம் ஒண்ணையும் தொட வேண்டாம். ரெண்டு பேரும் முதல்ல வெளிய வாங்க.”

“பாயக்கூட விடமாட்டேங்காளே!” என்று கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

“ஏளா, நீ சும்மா கெட” என்று எதிர்வீட்டு இசக்கித்தாய் அவளை அடக்கினாள். “ஜேசுபாதம் அண்ணாச்சி சின்னப்பிள்ளையைத் தூக்கிட்டு மழையில நின்னாரே, அப்ப எங்க போச்சு இந்த இரக்கம்? நல்லா நிக்கட்டும்!”

பிளாரன்ஸ் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. “ஜன்னலைச் சாத்திட்டு வாரேன்” என்று உள்ளே போனாள்.

ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். பின்கதவில் அதே பழைய இரும்புத் தாழ்ப்பாள். வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாதபடி, உள்பக்கம் மட்டுமே இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

வெளியே வந்து பூட்டை மாட்டினாள். தெருவே பார்க்க, இரண்டு முறை இழுத்தும் பார்த்தாள்.

“மாமா, இனிமே இந்த முன்வாசல்ல உங்க கால் படப்பிடாது.”

தன் வார்த்தை தன்னிடமே திரும்பி வந்ததை தேவபிரசாதம் கண்டுகொண்டார். தலை தொங்கிப்போயிற்று. தட்டுத்தடுமாறிப் போய் எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்தார். அப்பா நின்ற அதே இடம். பிளாரன்ஸின் நெஞ்சில் இத்தனை வருடம் எரிந்தது அந்த நிமிஷம் அடங்கியது.

அமீனா கையெழுத்து வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். மழை தூற ஆரம்பித்ததும் கூட்டம் கலைந்தது. இசக்கித்தாயும் கதவைச் சாத்திக்கொண்டாள். முந்தானையால் வேதப்புத்தகத்தை மூடியபடி வாசலில் கிருபை மட்டும் நின்றாள்.

பிளாரன்ஸ் குடையை விரித்து அவளைத் தாண்டிப் போனாள். ஓர் அடி போய், முகத்தைத் திருப்பாமலே, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அத்தை, அன்னைக்கு நீங்க செஞ்ச மாதிரியே, நானும் பின்கதவுக்குத் தாப்பாள் போடல.”