சீப்புத் தவளை

“கதைக்காதையும். இண்டைக்கு உவன் கட்டாயம் வருவான்.”

நாணலுக்குப் பின்னால் மடக்குக் கதிரையில் குந்தியிருந்த தில்லையம்பலம் மனைவியிடம் கிசுகிசுத்தார். கனடாவில், ஸ்காபரோவின் ஏரிக்கரைச் சதுப்பில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சதுப்பை நிரப்பி மறுபக்கத்தில் வரிசையாக எழும்பும் புது வீடுகளில் சுத்தியல் சத்தம் ஓய்ந்துவிட்டது.

அவர் காத்திருந்தது ஒரு தவளைக்காக. பெருவிரல் அளவுகூட இராது. சீப்பின் பல்லில் நகத்தை ஓட்டினாற்போலக் கத்தும். ஏரிக்கரையெங்கும் அருகிவரும் அந்த இனத்தைச் சத்தத்தை வைத்தே கணக்கெடுக்கும் தொண்டர்களில் அவரும் ஒருவர்.

போன வசந்தத்தில் ஒன்றுகூடக் கத்தவில்லை. இந்த வசந்தம்தான் அவருக்குக் கடைசி என்று மனைவி அருள்நாயகியை டொக்டர் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ‘தவளைக்குப் பின்னால் திரியிற விசர் மனுசன்’ என்று இத்தனை வருஷமும் அவரைப் பேசியவள், அன்றிலிருந்து தானே காரில் கூட்டிவந்தாள்.

“கால் விறைக்குது. கொஞ்சம் நடந்துபோட்டு வாறன்” என்று அவள் எழுந்தாள்.

சற்று நேரத்தில் நாணலுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் எழுந்தது. க்ர்ர்ரீக்... க்ர்ர்ரீக்...

தில்லையம்பலத்தின் முகம் மலர்ந்தது. முன்பென்றால் சத்தம் வந்த பக்கமாய் முழங்கால் சேற்றுக்குள் இறங்கித் தேடியிருப்பார். இப்போது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. உடம்பில் பலம் எங்கே?

சீப்பைக் கோட் பொக்கற்றுக்குள் செருகிக்கொண்டு அருள்நாயகி திரும்பி வந்தாள்.

“கேட்டனீரே?”

“ஓம், கேட்டன்” என்றாள். அவரிடம் அவள் இதற்குமுன் பொய் சொன்னதில்லை.

“நாளைக்கும் வருவம், என்ன?”

மாலைகள் இப்படியே போயின. மே மாதம் அவர் படுக்கையில் விழுந்தார். தொண்டர்களுக்குப் பொறுப்பான யூஜினி பார்க்க வந்தாள்.

“அங்கிள், ஒண்டெண்டாலும் கத்தினதோ? நீங்கள் ஓம் எண்டால் காணும். தவளை இருக்கெண்டு காட்டி மிச்சச் சதுப்பை நிரப்ப விடாமல் மறிக்கலாம்.”

தன் பொய் இவ்வளவு தூரம் போகுமென்று அருள்நாயகி நினைக்கவில்லை. ஆனாலும், அவர் ஓம் என்று சொல்லட்டுமே, சதுப்பாவது மிஞ்சட்டுமே என்று மனம் அடித்துக்கொண்டது.

அவர் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணோரம் நனைந்தது.

“இல்லைப் பிள்ளை. ஒண்டும் இல்லை. முடிஞ்சுது.”

யூஜினி எழுந்து போனாள். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் அருள்நாயகி கட்டிலோரம் வந்து நின்றாள்.

“அப்ப, ஒவ்வொரு நாளும் கேட்டுக் கேட்டுச் சிரிச்சனீங்களே?”

அவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

“சிரிச்சன்தான். கூப்பிட்டது நீரெல்லே.”