ரோஜாத் தொட்டி மண்

"ரோஜாத் தொட்டியில மண்ணு நாளுக்கு நாள் குறையுதுங்க. எவனோ அள்ளிட்டுப் போறான்," என்றாள் மனைவி.

"மண்ணைக் கூடவா திருடுவாங்க?" என்றார் தையற்காரர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்க கடைக்குப் பின்னாடி ஒரு நாய்க்குட்டி விடாம கத்துதாமே? யாரையாவது விட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்க."

"ம்."

மனிதர் சுத்தத்தில் புலி. வழியில் நாய் படுத்திருந்தால், அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிவாசலுக்குப் போவார்.

மண் திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க, அன்று பிற்பகல் அவள் பின்கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். வந்தது அவள் கணவர்தான். தொட்டியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்தார். குழாயடியில் உட்கார்ந்து, அதைத் தண்ணீரில் குழைத்து வலது கையில் தேய்த்துக் கழுவினார். பிறகு வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டே எண்ணினார்.

"ரெண்டு... மூணு..."

ஏழு வந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மார்க்க முறைப்படி நாயின் எச்சில் பட்டால்தான் ஏழு முறை கழுவ வேண்டும்; அதில் ஒரு முறை மண்ணோடு.

"நாய் தொட்டுடுச்சா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அது தொடலை. நான்தான்... தாயில்லாத குட்டி. கிண்ணத்துல குடிக்கத் தெரியலை. உள்ளங்கையில பால் ஊத்தினாதான் நக்குது."

"தினமுமா?"

"மூணு வேளை."



மறுநாள் காலை குழாயடியில் ஒரு டப்பா நிறையச் சலித்த மண் இருந்தது. பக்கத்தில், ஆறவைத்த பால்.

"இனிமே என் ரோஜாவை விட்டுடுங்க," என்றாள்.