அதட்டும் வளையம்

கர்ப்பப்பை இறங்காமல் தாங்கிப் பிடிக்க டாக்டரம்மா உள்ளே வைத்துவிட்ட வளையம், ஜெயக்கொடி கனமாக எதைத் தூக்கினாலும் போனில் கூப்பிட்டு அதட்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் நம்பர் கேட்டதும், வாய்ப் பழக்கத்தில் புருஷன் தங்கப்பழத்தின் நம்பரைச் சொல்லித் தொலைத்திருந்தாள்.

அன்று காலை அவள் மாவு டிரம்மைத் தூக்கினாள். சலூனில் பாதி ஷேவிங்கில் உட்கார்ந்திருந்த தங்கப்பழத்தின் போன் தெருவுக்கே கேட்கும்படி அலறியது: “கர்ப்பப்பை இறங்குது! கீழ வைங்க!”

ஒரு கன்னத்தில் நுரையோடு வீட்டுக்கு ஓடி வந்தான்.

“எங்கிட்டச் சொல்லக் கூடாதாட்டி?”

“சொன்னா மாவுக் கடைய மூடச் சொல்லுவியளே!”

“கடைய எதுக்கு மூடணும்? டிரம்ம நான் தூக்குதேன். எங்க வைக்கணும், அதச் சொல்லு.”

அவள் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் சலூன்கார மாரியப்பன் வாசலில் வந்து நின்றார். எல்லாருக்கும் தெரிந்துபோச்சே என்று ஜெயக்கொடி கூசிப்போனாள்.

“மிச்ச ஷேவிங்குக்கா வந்திய, அண்ணே?”

“அது கெடக்கட்டும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இந்த வளையத்த எந்த ஆஸ்பத்திரில வைக்காவ, தங்கச்சி? எங்க வீட்லயும் ரொம்ப நாளா இதே கஷ்டந்தான். வெளிய சொல்ல வெக்கப்படுதா.”

ஜெயக்கொடி குரலைத் தாழ்த்தவில்லை.

“மதினிய நாளைக்கே வரச் சொல்லுங்க. நானே கூட்டிட்டுப் போறேன்!”