படுத்துக்கொண்டே சம்பளம்

மஞ்சள் காமாலை என்று டாக்டர் சொன்னதைவிட, பதினைந்து நாள் படுத்தே கிடக்க வேண்டும் என்று சொன்னதுதான் அவளுக்குக் கலக்கமாக இருந்தது.

சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள் அவள். உடம்புக்கு முடியவில்லையென்றால் வருஷத்துக்கு ஏழு நாள் விடுப்பு. அதற்கும் பாதிச் சம்பளம்தான். எட்டாம் நாள் அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். சூப்பர்வைசர் இதைச் சிரித்த முகத்தோடுதான் சொல்லியிருந்தார்.

இன்று ஆறாம் நாள்.

கடல் தாண்டி வேறொரு நாட்டில் லாரி ஓட்டும் தம்பியைப் போனில் பிடித்து, மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான்.

உங்கள் ஊரில் இதற்கெல்லாம் என்ன செய்வார்கள் என்று கேட்டாள்.

அவன் புட்டுப் புட்டு வைத்தான். முதல் மூன்று நாளைக்கு ஒன்றும் கிடையாது. நான்காம் நாளிலிருந்து சம்பளத்தில் முக்கால் பங்கை அரசாங்கமே கொடுக்கும். ஒரு வருஷம் வரைக்கும். அதுவரை வேலையிலிருந்து தூக்க முடியாது. பக்கத்து நாட்டில் முதல் நாளிலிருந்தே தருகிறார்கள். ஆனால் ஆறு மாதத்தோடு கையை விரித்துவிடுவார்கள்.

தம்பி நாட்டிலும் சும்மா தந்துவிட மாட்டார்களாம். மாதா மாதம் டாக்டர் கடிதம் போய்ச் சேர வேண்டும். ஒருநாள் பிந்தினால் அந்த மாதம் அம்போ. நடுவில் ஓர் அதிகாரி கூப்பிட்டனுப்புவார். கையை மேலே தூக்கு, படியேற முடிகிறதா, சட்டைப் பொத்தானை நீயே போடுகிறாயா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார்.

வக்கீல் தோற்றான் போ என்று முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவனுக்கு ஒரு வருஷம், இவளுக்கு ஏழு நாள்.

"உனக்கென்னடா, படுத்துக்கிட்டே சம்பளம் வாங்கலாம். குடுத்து வச்சவன்."

அதோடு அவள் விட்டிருக்கலாம். ஆற்றாமை விடவில்லை. அந்த ஒரு வருஷமும் முடிந்துபோனால் உங்கள் அரசாங்கம் என்ன செய்யுமாம், அதையும்தான் சொல்லேன் என்று குத்தலாகக் கேட்டாள்.

"தெரியலக்கா. எனக்கு வருஷம் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கு. அதுக்கப்புறம்தான் சொல்வாங்க."

அவளுக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டபோது போனை இறுகப் பற்றிக்கொண்டாள்.

இந்த வருஷம் முழுக்க, ஞாயிறு தவறாமல் பேசியிருக்கிறான். போன வாரம்கூட, மலைப்பாதையில் பனி, வண்டியை உருட்டிக்கொண்டுதான் வந்தேன் என்று கதை கதையாகச் சொன்னான். இவளும் சாப்பிட்டுவிட்டு ஓட்டுடா என்று திட்டினாள்.

சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். ஏன் சொல்லவில்லை, யார் பார்த்துக்கொள்கிறார்கள், என்ன நோய் என்று கேட்க எத்தனையோ இருந்தது.

"எங்கடா வலிக்குது?" என்றாள்.